புது கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணப் போறீங்களா? எஸ்.எம்.பி.எஸ்-ல இருந்து ஆரம்பிங்க!

சென்னை மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட். சனிக்கிழமை மதியம் அங்கே கால் வைக்க இடம் இருக்காது. அந்தக் கூட்டத்தில் ஒரு கல்லூரி மாணவனையும் அவன் அப்பாவையும் கற்பனை செய்து கொள்ளுங்கள். பையன் கையில் ஒரு பேப்பர். அப்பா சட்டைப் பையில் 70 ஆயிரம் ரூபாய்.

வீட்டில் என்ன சொல்லி அந்தப் பணத்தை வாங்கினான்? "ப்ராஜெக்டுக்கு வேணும்ப்பா... அப்புறம் நம்ம வீட்டு கல்யாண கேசட்டெல்லாம் பூஞ்சை பிடிக்குது இல்ல, அதையும் கம்ப்யூட்டர்ல ஏத்திடலாம்." மனசுக்குள் ஓடுவது என்ன? கேம்! இதில் தப்பு எதுவும் இல்லை. பாதி வீட்டில் கம்ப்யூட்டர் நுழைந்ததே இப்படித்தான் :-)

கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி: "தம்பி, எந்த ப்ராசஸர்?" அடுத்தது கிராஃபிக்ஸ் கார்டு. அதோடு பணம் முக்கால்வாசி காலி. மிச்சத்தில் போர்டு, ரேம், கலர் கலராக லைட் எரியும் கேபினட். கடைசியாக ஒரு வரி: "எஸ்.எம்.பி.எஸ் கேபினட்டோடயே வந்துடும் சார், அதுக்குத் தனியா காசு வேணாம்." அப்பாவுக்கு சந்தோஷம். ஒரு பொருள் இலவசமாயிற்றே!

இந்தக் கொட்டேஷனை அப்படியே தலைகீழாக எழுத வேண்டும். ஏன் என்று பார்க்கலாம்.

மூன்று கேள்விகள்

பாகம் வாங்கப் போகிறவர்கள் பொதுவாகக் கேட்பது "எது வேகமானது?" என்ற ஒரே கேள்வி. கேமும் வீடியோ கன்வெர்ஷனும் சேர்ந்து செய்யும் மெஷினுக்கு அந்தக் கேள்வி போதாது. கேட்க வேண்டியவை மூன்று.

போனால் திரும்ப வராதது எது?
காத்திருக்க முடியாதது எது?
காத்திருந்தாலும் ஒன்றும் கெட்டுப் போகாதது எது?

பணம் இந்த வரிசையில்தான் போக வேண்டும். கடைக் கொட்டேஷனில் கடைசி வரியில் இருப்பது இங்கே முதல் வரிக்கு வந்துவிடும்.

முதலில்: போனால் வராதது

கல்யாண கேசட்டை எடுத்துக் கொள்ளுங்கள். வி.எச்.எஸ் டேப். முகூர்த்தம், நாதஸ்வரம், பந்தியில் உட்கார்ந்து கேமராவைப் பார்த்து வெட்கப்படும் பாட்டி. அந்தப் பாட்டி இன்று இல்லை. அவர் நடந்து, சிரித்துப் பதிவானது அந்த டேப்பில் மட்டும்தான். டேப்பை ஓட்டும் டெக்கும் இனி புதிதாக வராது. உலகில் கடைசியாக அதைத் தயாரித்துக் கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. இப்போது இருப்பதெல்லாம் பழைய டெக்குகள். அவையும் ஒவ்வொன்றாகக் குறைந்து கொண்டே வருகின்றன.

டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது அவசரப்படுத்த முடியாது. மூணு மணி நேர கேசட் ஏற மூணு மணி நேரம் ஆகும், எவ்வளவு வேகமான ப்ராசஸர் இருந்தாலும் சரி. இரண்டாவது மணி நேரத்தில் மெஷின் அணைந்தால் மறுபடி சுற்றி ஓட்ட வேண்டும். பூஞ்சை பிடித்த டேப் ஒவ்வொரு ஓட்டத்திலும் கொஞ்சம் தேயும், சில சமயம் அறுந்தே போகும். அதனால்தான் முதல் காசு எஸ்.எம்.பி.எஸ்-க்கும் யு.பி.எஸ்-க்கும்.

கேபினட்டோடு வரும் சப்ளையில் "450 வாட்" என்று பெரிதாக எழுதியிருக்கும். அந்த எண்ணை விட்டுவிட்டு, ஓரத்தில் இருக்கும் சின்ன அட்டவணையில் 12 வோல்ட் வரியைப் பாருங்கள். ப்ராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் கரண்ட் எடுப்பது அந்த வரியிலிருந்துதான். அங்கே 16 ஆம்பியர் என்று இருந்தால் 12-ஐ 16-ஆல் பெருக்குங்கள். 192 வாட். அவ்வளவுதான் சரக்கு! ஆர்.டி.எக்ஸ் 4060 மாதிரி சிக்கனமான கார்டே 115 வாட் கேட்கும். 65 வாட் என்று போட்டிருக்கும் ப்ராசஸர் முழு வேகத்தில் ஓடும்போது அந்த அளவையும் தாண்டும். ஹார்ட் டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்ந்தால்? கேம் நடுவில் ஸ்க்ரீன் கறுப்பாகும். மோசமான சப்ளையாக இருந்தால் அது சாகும்போது போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் கூட அழைத்துக் கொண்டு போகும்.

இன்னொரு ஏமாற்றம் "80 பிளஸ்" ஸ்டிக்கர். அது சொல்வது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டும்தான். வோல்டேஜ் ஏறினால் தானே நின்றுகொள்ளும் பாதுகாப்பு இருக்கிறதா, எத்தனை வருட வாரண்டி என்று தனியாகக் கேட்க வேண்டும்.

அடுத்து ஹார்ட் டிஸ்க். டி.வி ஃபார்மட்டில் ஏற்றினால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜி.பி. மூணு மணி நேர கேசட் ஒன்றுக்கு 40 ஜி.பி பக்கம். அஞ்சு கேசட் என்றால் 200 ஜி.பி. இதற்கு விலை கூடிய எஸ்.எஸ்.டி தேவையில்லை, சாதாரண ஹார்ட் டிஸ்க் போதும். ஆனால் ஒன்று போதாது, இரண்டு வேண்டும். விண்டோஸுக்கும் கேமுக்கும் ஒரு எஸ்.எஸ்.டி, கேசட்டுக்கு ஒரு ஹார்ட் டிஸ்க், அதன் நகலுக்கு வெளியில் வைக்கும் இன்னொன்று. லைட் எரியும் கேபினட்டை விட்டாலே இரண்டாவது டிஸ்க்குக்கு ஓரளவு காசு மிஞ்சும்.

இரண்டாவது: காத்திருக்க முடியாதது

கேம் காத்திருக்காது. நொடிக்கு 60 ஃப்ரேம் வேண்டுமென்றால் ஒவ்வொரு படத்தையும் வரைய 16.7 மில்லி செகண்ட்தான் நேரம். 144 என்றால் 7 மில்லி செகண்ட் கூட இல்லை. அதற்குள் வரையாவிட்டால் படம் திக்கும். எதிராளி சுட்டுவிட்டுப் போய்விடுவான். "பரவாயில்லை, ராத்திரி பூரா ஓடட்டும், காலையில் பார்த்துக்கலாம்" என்று கேமில் சொல்ல முடியாது.

ஆகவே கிராஃபிக்ஸ் கார்டுக்கு இரண்டாவது இடம். ஆனால் எந்தக் கார்டு என்பதை முடிவு செய்வது மானிட்டர். 1080பி மானிட்டரில் சுமார் 21 லட்சம் புள்ளிகள். 1440-இல் 37 லட்சம். 4கே-யில் 83 லட்சம்! வீட்டில் இருப்பது 60 ஹெர்ட்ஸ் 1080பி மானிட்டர் என்றால் அது நொடிக்கு 60 படத்துக்கு மேல் காட்டப் போவதில்லை. அதற்கு 4கே கார்டு வாங்குவது, சந்துக்குள் ஓட்ட லாரி வாங்குவது மாதிரி.

இங்கே வீடியோவுக்கும் ஒரு கண் வைக்க வேண்டும். இப்போதைய கார்டுகளில் வீடியோவைச் சுருக்குவதற்கென்றே தனிச் சிப் பகுதி இருக்கிறது. என்விடியா 2012-லிருந்து இதை என்.வி.இ.என்.சி என்ற பெயரில் தருகிறது. ஆனால் எல்லாக் கார்டிலும் இது இல்லை. ஏ.எம்.டி-யின் ஆர்.எக்ஸ் 6400, 6500 எக்ஸ்.டி இரண்டும் 2022-இல் வந்தவை. கேம் ஓடும், வீடியோ என்கோடர் கிடையாது! என்விடியாவின் ஜி.டி 1030-இலும் கிடையாது. 2019-இல் வந்த ஜி.டி.எக்ஸ் 1650-இல் பழைய தலைமுறை என்கோடர்தான். பெயரில் ஒரு வார்த்தை கூடுதலான 1650 சூப்பரில் புதியது. பெட்டியின் முகப்பில் இதையெல்லாம் எழுத மாட்டார்கள். செகண்ட் ஹேண்டில் தேடுபவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

இன்டெல் ப்ராசஸரிலும் இதே கதை. கோர் ஐ5 12400-இல் க்விக் சிங்க் என்ற வீடியோ என்கோடர் உண்டு. பெயர் முடிவில் "எஃப்" சேர்ந்த 12400எஃப்-இல் உள் கிராஃபிக்ஸே கிடையாது, அதனால் க்விக் சிங்க்கும் இல்லை. ஒரே ஒரு எழுத்து!

மூன்றாவது: காத்திருக்கக் கூடியது

கடையில் முதல் கேள்வியாக வந்த ப்ராசஸர் இங்கேதான் வருகிறது. இதற்குச் சண்டைக்கு வருபவர்கள் இருப்பார்கள். "வீடியோ கன்வெர்ஷனுக்கு கோர்தானே முக்கியம்? 8 கோர், 12 கோர் வாங்க வேண்டாமா?"

வேகத்துக்கு முக்கியம்தான். ஆனால் வேகம் குறைந்தால் என்ன நஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். கேசட்டை ஏற்றிய பிறகு ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் எக்ஸ்264, எக்ஸ்265 வழியாகச் சுருக்குகிறார்கள். 6 கோர் ப்ராசஸரில் 6 மணி நேரம் ஆகும் வேலை 8 கோரில் நாலரை மணி நேரத்தில் முடிகிறது என்றே வைத்துக் கொண்டாலும், கிடைக்கும் படத்தில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் ஒன்றும் இல்லை. ராத்திரி 10 மணிக்குப் போட்டால் இரண்டுமே விடிவதற்குள் முடிந்துவிடும். தூங்குபவருக்கு நாலரை என்ன, ஆறு என்ன?

இன்னொன்று. பழைய கேசட்டின் படம் ரொம்பச் சின்னது, 720க்கு 576 புள்ளிகள். அவ்வளவு சின்னப் படத்தை நிறைய கோர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்க இடமே இல்லை. எக்ஸ்265 படத்தை 64 வரி உயரப் பட்டைகளாகப் பிரித்து வேலை கொடுக்கும். 576-ஐ 64-ஆல் வகுத்தால் 9 பட்டைதான். 16 கோர் வாங்கினால் ஒரு வீடியோவுக்குப் பல கோர்கள் பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருக்கும். இரண்டு கேசட்டை ஒரே நேரத்தில் ஓடவிட்டால்தான் அவற்றுக்கு வேலை.

கேமும் வீடியோவும் எதிரெதிர் திசையில் இழுப்பதற்கு ஏ.எம்.டி-யிலேயே நல்ல உதாரணம் உண்டு. 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி-யில் எல்3 கேஷ் 96 எம்.பி. அதன் அண்ணன் 5800எக்ஸ்-இல் 32 எம்.பி. கேமில் தம்பி பறக்கும். ஆனால் உச்ச வேகம் 4.7 கிகாஹெர்ட்ஸிலிருந்து 4.5-ஆகக் குறைந்ததால் வீடியோ சுருக்குவதில் அண்ணன்தான் ஒரு படி முன்னால். "எல்லாத்துக்கும் பெஸ்ட்" என்று கடையில் சொல்வதை இதனால்தான் முழுசாக நம்பக் கூடாது.

அப்படியானால் கார்டில் இருக்கும் என்கோடர் எதற்கு? கேம் ஆடுவதை ரெக்கார்ட் செய்ய, போனில் பார்க்க ஒரு படத்தைச் சட்டென்று மாற்ற, அதற்கெல்லாம் அதுவே சிறந்தது. பாட்டி இருக்கும் கேசட்டுக்கு மட்டும் ப்ராசஸர் வழியாக நிதானமாகச் செய்வது நல்லது. ஒரே அளவு ஃபைலில் நிதானமான வழிதான் பொதுவாகத் தெளிவான படம் தரும். வாழ்நாளில் ஒருமுறை செய்யும் வேலைக்கு ஒரு ராத்திரி கொடுக்க முடியாதா?

ப்ராசஸரைப் பிறகு மாற்றவும் முடியும். ஏ.எம்.டி-யின் ஏ.எம்4 போர்டுகளில் 2017-இல் வாங்கிய பலவற்றில் பயாஸை அப்டேட் செய்துவிட்டு 2022-இல் வந்த ப்ராசஸரைப் போட முடிந்தது. எனவே இன்று 6 கோர், வேலைக்குப் போய் முதல் சம்பளத்தில் 12 கோர் என்று இருக்கலாம். ரேமும் அப்படியே. 16 ஜி.பி-யில் ஆரம்பிக்கலாம், ஆனால் ஒற்றைக் குச்சியாக வாங்காமல் 8, 8 என இரண்டாகப் போட்டால் இரட்டை வழியில் ஓடி கேமுக்கும் உதவும். 2025 இறுதியில் ரேம் விலை கிடுகிடுவென ஏறியதைப் பார்த்தவர்களுக்கு இதில் அளவோடு இருப்பதன் அருமை புரியும்.

யாருக்கு இது பொருந்தாது?

கல்யாண வீடியோ எடுத்து எடிட் செய்து கொடுப்பதே தொழிலாக இருப்பவருக்கு இந்த வரிசை மாறும். முகூர்த்த மாதத்தில் வாரம் நாலு கல்யாணம், ஆளுக்கு 4கே ஃபுட்டேஜ் என்றால் காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் காசு. அவருக்கு ப்ராசஸர் இரண்டாவது இடத்துக்கு வந்துவிடும். ஆனால் அவருக்கும் எஸ்.எம்.பி.எஸ்ஸும் இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கும்தான் முதல் வரி. அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தைத் தொலைத்துவிட்டு என்ன பதில் சொல்வது?

பட்ஜெட் பத்தாதவர்கள் கிராஃபிக்ஸ் கார்டை செகண்ட் ஹேண்டில் வாங்குவதில் பெரிய பாவம் இல்லை. 2022 செப்டம்பரில் எதீரியம் மைனிங் நின்ற பிறகு நிறைய கார்டுகள் பழைய சந்தைக்கு வந்தன. எதிரிலேயே ஒரு மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டு வாங்க வேண்டும். பழைய எஸ்.எம்.பி.எஸ்ஸும் பழைய ஹார்ட் டிஸ்க்கும் மட்டும் வேண்டவே வேண்டாம். அவை உள்ளே எந்த நிலையில் இருக்கின்றன என்பது ஒரு மணி நேரத்தில் தெரியாது.

மறுபடி அந்தக் கடைக்கு...

பையன் பேப்பரைத் திருப்பி, வெறும் பக்கத்தில் புதிதாக எழுதுகிறான். மேலே எஸ்.எம்.பி.எஸ், யு.பி.எஸ், இரண்டு ஹார்ட் டிஸ்க். அப்புறம் மானிட்டருக்கு ஏற்ற கார்டு, பெயரை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்து. அதற்கும் கீழே 6 கோர் ப்ராசஸர், போர்டு, ரேம், எஸ்.எஸ்.டி. கடைசியில் லைட் இல்லாத, காற்று நன்றாகப் போகும் ஒரு கேபினட். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்த்துவிட்டுப் போகட்டும்.

வீட்டுக்கு வந்தபின் பையன் எந்த கேமில் எத்தனை ஃப்ரேம் வருகிறது என்று அப்பா ஒரு நாளும் கேட்கப் போவதில்லை. ஆனால் ஒரு நாள் காலையில் எழுந்து, ராத்திரி பூரா ஓடி முடிந்த ஃபைலைத் திறக்கும்போது, பந்தியில் உட்கார்ந்திருக்கும் தன் அம்மாவைப் பார்ப்பார். அன்றைக்கு அந்த 70 ஆயிரத்துக்கு அவர் கணக்கே கேட்க மாட்டார்.