காத்திருப்பவரின் நேரமும் நேரம்தான்

சொகுசுக் கப்பலில் கூடுதல் பணம் கட்டியவர் முதலில் ஏறுகிறார். கோயிலில் மட்டும் கட்டண தரிசனம் எப்படித் தவறாகும் என்று கேட்கிறார்கள். இந்த ஒப்புமை பொருந்தாது.

கப்பலில் ஒவ்வொருவருக்கும் அறை முன்பே பதிவாகியிருக்கிறது. யார் முதலில் ஏறினாலும் கப்பல் எல்லோரோடும்தான் புறப்படும். சன்னதி வாசலோ ஒன்றே, குறுகலானது. திருப்பதி திருமலையில் 300 ரூபாய்ச் சீட்டுக்காரர் மிச்சப்படுத்தும் நேரம், இலவச தரிசன வரிசையில் நிற்பவரிடமிருந்து எடுத்தது.

"நேரமில்லாதவர் பணம் கட்டுகிறார்" என்பது அடுத்த வாதம். ஆரணிப் பட்டு நெசவாளிக்குச் சேலைக் கணக்கில்தான் கூலி. தறியை விட்டு வந்த நாளுக்குக் கூலி கிடையாது. அவருடைய நேரம் எந்த வகையில் மலிவு?

கோயிலுக்கு வருமானம் வேண்டும்தான். அதற்கு உண்டியல் இருக்கிறது. முதியோருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் முதலிடம் கொடுங்கள். அது தேவைக்குத் தரும் முன்னுரிமை. பணத்துக்குத் தருவது வேறு.

2025 ஜனவரி 8 அன்று இலவச தரிசன டோக்கனுக்காகத் திருப்பதியில் காத்திருந்தவர்களில் 6 பேர் நெரிசலில் இறந்தார்கள். அதே மாதம் 31ஆம் தேதி, சிறப்பு தரிசனக் கட்டணத்துக்கு எதிரான மனுவை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் கோயிலில் தனிச்சலுகை கூடாது என்றே தாங்கள் கருதுவதாக நீதிபதிகள் சொன்னார்கள். முடிவு நிர்வாகங்களின் கையில் இருக்கிறது.

ஆரணிப் பக்கத்திலும் ஒரு திருமலை உண்டு. அங்கே பாறையில் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர் நேமிநாதர் சுமார் 16 மீட்டர் உயரம். எதிரே நிற்பவர் யாராக இருந்தாலும் நேமிநாதர் அதே உயரம்தான். வழிபாட்டிடம் அப்படித்தான் இருக்க வேண்டும்.