நாய்க்குட்டிக்கு எந்தத் தீனி நல்லது? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்



இந்த மாதத்தில் மட்டும் நான்கு பேர் ஒரே கேள்வியை அனுப்பிவிட்டீர்கள். "சார், குட்டி வாங்கியிருக்கோம். எந்தக் கம்பெனி தீனி நல்லது?" தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட இங்கே ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம் நாட்டு நாய்களின் பெயரைச் சொன்னார். அதன் பிறகு நம் பக்கத்திலும் வாலாஜாபாத், உத்திரமேரூர் வரை நாட்டு ரகக் குட்டி கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ராஜபாளையத்துக்கு 2005-லேயே அஞ்சல் தலை வந்துவிட்டது. நல்ல விஷயம். ஆனால் குட்டிக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறவர்கள், அதன் தட்டில் என்ன விழுகிறது என்பதைப் பற்றி அரை மணி நேரம்கூட யோசிப்பதில்லை. அதுதான் என் ஆதங்கம்.

முதலில் உறவுக்காரர்களுக்கு ஒரு பதில். "நாங்கள் எல்லாம் பழைய சோறும் மோரும் போட்டுத்தான் வளர்த்தோம். அந்த நாய்கள் நன்றாகத்தானே இருந்தன?" என்று கேட்கிறீர்கள். நன்றாகத்தான் இருந்தன. ஆனால் இரண்டு விஷயத்தை மறந்துவிடுகிறீர்கள். ஒன்று, அந்த நாய் அவிழ்த்துவிட்ட நாய். நாம் போட்ட சோறு அதற்குப் பாதிச் சாப்பாடுதான். மீதியை வயலில் எலி, நண்டு, ஏரிக்கரையில் மீன், கறிக்கடை ஓரத்தில் கிடைத்தது என்று அதுவே தேடிக்கொண்டது. இன்றைய குட்டி கேட்டுக்குள்ளே சங்கிலியில் கிடக்கிறது. நாம் வைக்கிற தட்டுக்கு வெளியே அதற்கு வேறு வழி கிடையாது. இரண்டு, ஒரு ஈற்றில் ஆறு குட்டி பிறந்தால் பிழைத்தது எத்தனை? ஒன்றோ இரண்டோ. பிழைத்ததை மட்டும் பார்த்து "நன்றாக இருந்தது" என்கிறோம். செத்த நான்கைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

சோறு நாய்க்கு ஆகாது என்று நான் சொல்லவில்லை. மனிதனோடு வாழ்ந்து வாழ்ந்து, மாவுச்சத்தைச் செரிக்கும் திறன் ஓநாயைவிட நாய்க்குக் கூடியிருக்கிறது என்பதை ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் 2013-ல் மரபணுவிலேயே காட்டினார்கள். சிக்கல் சோற்றில் இல்லை, வெறும் சோற்றில்தான்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். வளரும் குட்டியின் உணவில், ஈரத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால், நூற்றுக்கு 22.5 பங்காவது புரதம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர்கள் சங்கத்தின் அளவு. உலகத்தில் பல கம்பெனிகள் பின்பற்றுவது இதைத்தான். வளர்ந்த நாய்க்கு 18 போதும். இப்போது 100 கிராம் சோற்றை எடுங்கள். தண்ணீர் போக மிஞ்சுவது சுமார் 30 கிராம். அதில் புரதம் இரண்டரை கிராம். அதாவது 8 சதவீதம் சொச்சம். தேவைக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். அதே சோற்றில் வேகவைத்த முட்டை ஒன்றைப் பிசையுங்கள். முட்டையில் தண்ணீர் போக 12 கிராம், அதில் புரதம் 6 கிராம். கூட்டினால் 42-க்கு எட்டரை, அதாவது 20 சதவீதம். ஒரே ஒரு முட்டை செய்கிற வேலை இது! கூடக் கொஞ்சம் கோழியோ முள் நீக்கிய மீனோ சேர்ந்தால் அளவு தாண்டிவிடும்.

ஆனால் புரதம் சரியானால் எல்லாம் சரியாகிவிடாது. எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். சோறு, முட்டை, வெறும் கறி மூன்றிலும் அது மிகக் குறைவு. "நம்ம குட்டி தினமும் கறிதான் சாப்பிடும்" என்று பெருமையாகச் சொல்கிறவர் வீட்டுக் குட்டியே கால் வளைந்து நிற்பதற்குக் காரணம் இதுதான். அதற்காக மருந்துக்கடையில் கால்சியம் சிரப் வாங்கிக் கண்ணளவில் ஊற்றாதீர்கள். பெரிய ரகக் குட்டிகளுக்கு, ராஜபாளையமும் அதில் சேர்த்திதான், சுண்ணாம்புச் சத்து அதிகமானாலும் எலும்பு கெடும். குட்டியின் குடலுக்கு "போதும்" என்று நிறுத்தத் தெரியாது. கொடுத்ததை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். பாக்கெட் தீனியோடு சேர்த்துக் கால்சியமும் ஊற்றுவது இரட்டைத் தவறு. வீட்டுச் சாப்பாடு போடுகிறவர்கள், குட்டியை ஒரு முறை கால்நடை மருத்துவரிடம் எடைபோட்டு, கால்சியம் எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி பாக்கெட் தீனி. நம் ஊரில் எந்தக் கம்பெனித் தீனியாக இருந்தாலும் "பெடிகிரி" என்றே பெயராகிவிட்டது. முன்பக்கத்தில் இருக்கும் நாய்ப் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். பார்க்க வேண்டியவை நான்கு.

1. "பப்பி" என்றோ "எல்லா வயதுக்கும்" என்றோ இருக்க வேண்டும். "அடல்ட்" என்று போட்டது விலை மலிவு என்று குட்டிக்கு வாங்கக் கூடாது.

2. "கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு" என்ற சொல் இருக்கிறதா? அதாவது இதை மட்டுமே போட்டாலும் குட்டிக்குப் போதும் என்று கம்பெனியே பொறுப்பேற்கும் சொல். பிஸ்கட், குச்சி, கிரேவி பாக்கெட் பலவற்றில் இது இருக்காது. அவை தின்பண்டம், சாப்பாடு அல்ல.

3. சேர்மானப் பட்டியல். எடையில் எது அதிகமோ அது முதலில் வரும் என்பதே முறை. முன்பக்கம் "சிக்கன்" என்று பெரிய எழுத்து, பின்பக்கம் முதல் மூன்றும் மக்காச்சோளம், அரிசி, தவிடு என்றால் நீங்கள் வாங்குவது எது என்று புரிந்துகொள்ளுங்கள்.

4. தயாரித்த தேதி, கெடும் தேதி, பேட்ச் எண்.

கிரேவி பாக்கெட்டில் புரதம் 8 என்றும் உலர் தீனியில் 24 என்றும் போட்டிருப்பதைப் பார்த்துக் குழம்பாதீர்கள். கிரேவியில் 82 பங்கு தண்ணீர் இருந்தால் மீதி 18-ல் 8, அதாவது 44 சதவீதம். உலர் தீனியில் ஈரம் 10 போக, 90-ல் 24, அதாவது 27 சதவீதம் அளவு. ஆக கிரேவியில் சத்து குறைவில்லை. ஆனால் 100 கிராம் பாக்கெட்டுக்குக் காசு கொடுத்து 82 கிராம் தண்ணீர் வாங்குகிறோம். நம் போன்றவர்களுக்கு உலர் தீனியே கட்டுப்படியாகும்.

நான்காவதாகச் சொன்ன பேட்ச் எண்ணைப் பற்றித்தான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பெரிய மூட்டையைப் பிரித்து வைத்து, பாலித்தீன் கவரில் அரைக் கிலோ, ஒரு கிலோ என்று லூஸில் விற்பது இப்போது எல்லா ஊரிலும் வந்துவிட்டது. வாங்குகிறவருக்கு மலிவு, விற்கிறவருக்கு வியாபாரம். ஆனால் அந்தக் கவரில் பெயர் இல்லை, தேதி இல்லை, அது குட்டித் தீனியா பெரிய நாய்த் தீனியா என்றுகூடத் தெரியாது. திறந்த மூட்டை நம் ஊர் வெயிலில் நின்றால் அதிலுள்ள கொழுப்பு சிக்கெடுத்துவிடும். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும்.

2007-ல் அமெரிக்காவில் நடந்ததை நினைவுபடுத்துகிறேன். சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமின் என்ற வேதிப்பொருளைக் கலந்திருந்தார்கள். புரதத்தைச் சோதிக்கும் வழக்கமான முறை உண்மையில் நைட்ரஜனைத்தான் அளக்கிறது. மெலமினில் நைட்ரஜன் அதிகம், அதனால் புரதம் அதிகம் இருப்பதுபோல் எண் காட்டியது. நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. மலிவு, விலையுயர்ந்தது என்று வித்தியாசம் இல்லாமல் பல பிராண்டுகள் அதில் மாட்டின. மீதி உயிர்களைக் காப்பாற்றியது எது? இன்ன தேதியில் தயாரானதைத் திருப்பிக் கொடுங்கள் என்று அறிவிக்க முடிந்தது அல்லவா, அந்தத் தேதியும் எண்ணும்தான். லூஸ் கவரில் வாங்கியவருக்கு அந்த அறிவிப்பு வந்தாலும் பயனில்லை. எனவே மூட்டை கட்டுப்படி ஆகாவிட்டால் ஒட்டிய சின்னப் பாக்கெட் வாங்குங்கள். அதுவும் முடியாதென்றால் லூஸ் தீனியைவிட முட்டைச் சோறு மேல்.

மறுபக்கம், வெளிநாட்டிலிருக்கும் மாணவர்கள் சிலர் "கிரெயின் ஃப்ரீ" என்று, தானியமே இல்லாத விலையுயர்ந்த தீனியைச் சிபாரிசு செய்கிறீர்கள். தானியம் நாய்க்குப் பகை அல்ல. அத்தகைய தீனிகளில் சிலவற்றுக்கும் நாய்களின் இதயம் வீங்கும் நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-ல் விசாரிக்கவே ஆரம்பித்தது. உறுதியாக நிரூபணம் ஆகவில்லை. ஆனாலும் கூடுதல் காசு கொடுத்து வாங்கும் அளவுக்கு அதில் லாபம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று, இது உயிர்ப் பிரச்சினை. குட்டி வாந்தி எடுத்து, இரத்தமாகப் பேதி போனால் "தீனி ஒத்துக்கலை" என்று கம்பெனியை மாற்றிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். அது பார்வோ வைரஸாக இருக்கலாம். இரண்டு மூன்று நாளில் குட்டி போய்விடும். அன்றே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஆறு வாரத்திலிருந்தே தடுப்பூசி தொடங்கலாம். குடற்புழு மருந்தும் முறையாகக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நல்ல தீனி எல்லாம் புழுவுக்குத்தான் போகும்.

சுருக்கமாக: மூன்று மாதம் வரை நாளுக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, பிறகு இரண்டு. வாங்கிவந்த இடத்தில் எதைத் தின்றதோ அதையே முதலில் போட்டு, ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட், வேகவைத்த எலும்பு, உப்புக் கருவாடு கூடவே கூடாது. தாய்ப்பால் மறக்காத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து வாங்காதீர்கள். பசும்பாலில் புரதமும் கொழுப்பும் நாய்ப்பாலில் இருப்பதில் பாதிகூட இல்லை.

நம் திருமுக்கூடல் பெருமாள் கோயில் கல்வெட்டை உங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். சுமார் 950 ஆண்டுகளுக்கு முன், வீரராஜேந்திர சோழன் காலத்தில், இங்கே 15 படுக்கையோடு ஆதுலர் சாலை நடந்தது. நோயாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு எவ்வளவு அரிசி என்பதுவரை கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆள் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடவில்லை. பொறுப்பு என்பது அதுதான். குட்டி வாங்கப் போகிறவர்கள் போவதற்கு முன்பே ஒரு வருடத் தீனிக்கு என்ன ஆகும் என்று ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். கட்டுப்படி ஆகாவிட்டால் இந்த வருடம் வேண்டாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கொண்டுவந்து பட்டினி போடுவதுதான் பாவம்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். எழுத்துப் பொடியாக இருக்கும், வெளிச்சத்தில் வைத்து எடுங்கள். படித்துவிட்டுச் சொல்கிறேன்.