வெளுப்பு வேண்டாம், வெளிச்சம் போதும்

பெண்ணுக்குப் பிரசவம் பார்க்க அமெரிக்கா போவது என்பது எங்கள் அம்பத்தூர், ஆவடிப் பக்கம் இப்போது சாதாரண விஷயமாகிவிட்டது. டன்லப்பிலும் டி.ஐ. சைக்கிளிலும் ஆவடி டேங்க் ஃபேக்டரியிலும் ஷிப்ட் பார்த்து ரிடையரானவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இன்று டல்லாஸிலும் நியூஜெர்சியிலும் இருக்கிறார்கள். போய் வந்த அம்மா ஒருத்தராவது இல்லாத தெரு இல்லை. பிரசவ லேகியம் கிளறுவது, வசம்பு வாங்குவது, வடாம் பிழிவது எல்லாம் மூன்று மாதம் முன்னாலேயே தொடங்கிவிடும். விசா போட்டோவை மட்டும் கடைசி நாள் வரைக்கும் யாரும் நினைப்பதில்லை. "அது என்ன, ரெண்டு நிமிஷ வேலை. மார்க்கெட் போறப்ப அப்படியே எடுத்துட்டு வந்துடலாம்" என்பார்கள்.

அந்த ரெண்டு நிமிஷ வேலையைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

விசா போட்டோ என்று எங்கள் பக்கத்து ஸ்டூடியோக்களில் போய் நின்றால் பெரும்பாலும் நடப்பது இதுதான். "பொட்டை எடுத்துடுங்கம்மா. மூக்குத்தியைக் கழட்டுங்க. காது ரெண்டும் தெரியட்டும்" என்று வரிசையாக உத்தரவு வரும். எடுத்து முடித்ததும் அந்தத் தம்பி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, நம்மை ஒரு வார்த்தை கேட்காமலே முகத்தை வெளுக்க வைப்பார். கன்னத்து மங்கு போய்விடும். கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையம் போய்விடும். மோவாயில் பிறந்ததிலிருந்து இருக்கும் மச்சமும் கூடவே போய்விடும். எடுக்க வேண்டாத பொட்டை எடுக்கச் சொல்கிறார்கள், தொடக்கூடாத முகத்தைத் தொடுகிறார்கள். இரண்டுக்கும் நாம் வாயைத் திறக்காமல் தலையாட்டிவிட்டு, காசையும் கொடுத்துவிட்டு வருகிறோம்.

எங்கள் தெருவில் ஒரு அம்மா. மாநிறத்தைவிடக் கொஞ்சம் கறுப்பு, லட்சணமான முகம். மகளுக்குத் தலைப்பிரசவம். எடுத்த போட்டோவை வாட்ஸ்அப்பில் மகளுக்கு அனுப்பியிருக்கிறார். அங்கிருந்து உடனே போன். "இது யாரும்மா? நீ போட்டோ அனுப்பலையா?" என்று கேட்டாளாம். பெற்ற பெண்ணுக்கே அடையாளம் தெரியாத முகத்தை, எதிரே உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு எப்படி அடையாளம் தெரியும்? மறுபடி ஸ்டூடியோவுக்கு நடந்து, மறுபடி காசு கொடுத்து எடுத்தார்கள். நல்லவேளை, ஃபாரத்தை அனுப்புவதற்கு முன்னாலேயே தெரிந்தது.

விசாவுக்கு மனு போடும் இடத்தில் போட்டோ எதற்கு என்று நாம் யோசிப்பதே இல்லை. அழகுக்காக அவர்கள் கேட்கவில்லை. பாஸ்போர்ட்டில் இருப்பவர், விண்ணப்பத்தில் இருப்பவர், விமானத்தை விட்டு இறங்குபவர் மூவரும் ஒரே ஆள்தானா என்று பார்ப்பதற்காகக் கேட்கிறார்கள். அதனால்தான் அமெரிக்க வெளியுறவுத் துறை, கம்ப்யூட்டரிலோ போன் ஆப்பிலோ ஃபில்டரிலோ செயற்கை நுண்ணறிவிலோ போட்டோவை மாற்றக்கூடாது என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறது. மங்கு, மச்சம், சுருக்கம், நரை எல்லாம் நம் அடையாளம். அவற்றை அழிப்பது ரேஷன் கார்டில் பெயரை அழிப்பது மாதிரி.

அளவிலும் நிறையக் குழப்பம் நடக்கிறது. அமெரிக்க விசா போட்டோ சதுரம்: 2 அங்குலத்துக்கு 2 அங்குலம், அதாவது 51 மில்லிமீட்டர். அதில் மோவாயிலிருந்து உச்சந்தலை வரை 25 முதல் 35 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பின்னணி வெள்ளை. ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். இணையத்தில் ஏற்றுவதற்கான படம் பக்கத்துக்கு 600 முதல் 1200 பிக்சல் வரை, 240 கிலோபைட்டுக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் விசாவுக்கோ 35க்கு 45 மில்லிமீட்டர். கனடாவுக்கும் அதே 35க்கு 45தான். சிங்கப்பூருக்கும் அப்படியே, ஆனால் அங்கே மூன்று மாதத்துக்குள் எடுத்த போட்டோ வேண்டும். பிரிட்டனுக்கு நாம் போட்டோ கொண்டு போக வேண்டியதே இல்லை, விண்ணப்ப மையத்தில் கைரேகை எடுக்கும்போது அவர்களே எடுத்துக்கொள்வார்கள்.

ஸ்டூடியோவில் இந்த வித்தியாசமெல்லாம் பார்ப்பவர்கள் குறைவு. "பாஸ்போர்ட் சைஸ் எல்லா ஊருக்கும் ஒண்ணுதாம்மா" என்று சொல்லி, பழைய நீளவாட்டுப் படத்தையே பக்கவாட்டில் இழுத்துச் சதுரமாக்கிக் கொடுத்துவிடுவார்கள். முகம் பூரி மாதிரி உப்பி நிற்கும்! இன்னொரு வழக்கமும் உண்டு. நீலத் திரைக்கு முன்னால் உட்கார வைத்து எடுத்துவிட்டு, பின்னணியைக் கம்ப்யூட்டரில் வெட்டி வெள்ளை ஒட்டுவது. நம் வயதுக்காரர்களுக்குக் காதோரம் நரைத்த முடிகள் இருக்கும். வெட்டும்போது அதெல்லாம் சேர்ந்து போய், தலையில் டோப்பா வைத்த மாதிரி ஆகிவிடும். உண்மையான வெள்ளைச் சுவரோ வெள்ளைத் துணியோ இருக்கிறதா என்று உட்காரும் முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பின்னணியில் வெளிர் நிறப் புடவை கரைந்துவிடும் என்பதால் அழுத்தமான நிறத்தில் உடுத்திப் போவது நல்லது.

சரி, இந்த வெளுக்க வைக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது? ஸ்டூடியோக்காரர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தின காலத்தில் நெகட்டிவ் மேலேயே பென்சிலால் டச்-அப் பண்ணுவார்கள், நம் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் போட்டோ என்றால் கேட்கவே வேண்டாம். "கொஞ்சம் கலரா வர்ற மாதிரி எடுங்க" என்று சொன்னது நம் அப்பா அம்மாதானே? அந்தக் கேட்பைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த கை, இன்றைக்கு ஐம்பத்தெட்டு வயது அம்மாவின் விசா போட்டோவிலும் அதையே செய்கிறது. ஆதார் அட்டையில் நம் முகம் விழுந்த அழகைப் பார்த்து நொந்துபோய், "இதுவாவது நல்லா வரட்டும் தம்பி" என்று கேட்கிறவர்களும் நம்மில் உண்டு. பெண் பார்க்க யாரும் வரப்போவதில்லை சகோதரிகளே, பேரப்பிள்ளையைப் பார்க்க நாம்தான் போகப்போகிறோம்.

இதில் ஸ்டூடியோக்காரர்கள் சொல்லும் சமாதானம் ஒன்று இருக்கிறது. "வெளுக்க வைக்கலைன்னா கம்ப்யூட்டர் எடுத்துக்காதும்மா" என்பார்கள். அதை வெறும் சால்ஜாப்பு என்று தள்ளிவிட முடியாது. பிரிட்டனில் பாஸ்போர்ட் போட்டோவைச் சரிபார்க்கும் இணையச் சேவையை 2020ல் பி.பி.சி. சோதித்துப் பார்த்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசியல்வாதிகளின் படங்களைப் போட்டுப் பார்த்ததில், கறுத்த நிறப் பெண்களின் படங்களில் 22 சதவிகிதத்தைத் 'தரம் போதாது' என்று அது சொல்லியிருக்கிறது. வெளிர் நிறப் பெண்களுக்கு இது 14 சதவிகிதம். கறுத்த நிற ஆண்களுக்கு 15, வெளிர் நிற ஆண்களுக்கு 9. இருக்கிறதிலேயே அதிகமாக அடி வாங்கியது கறுத்த பெண்கள்தான், கவனித்தீர்களா? மனிதர்களிடம் உள்ள பாரபட்சம் போதாதென்று இயந்திரத்துக்கும் அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஃபிலிம் காலத்திலும் கதை இதேதான். 1950களிலிருந்து கோடாக் கம்பெனி, பிரிண்ட் போடும் இடங்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பியது. 'ஷெர்லி கார்டு' என்று அதற்குப் பெயர். அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அவள் நிறம் சரியாக வந்துவிட்டால் நிறமெல்லாம் சரி என்று அர்த்தம். வேறு வேறு நிறப் பெண்கள் அந்த அட்டையில் இடம்பெற 1990கள் வரை ஆயிற்று. அதுவரை நம் முகம் சரியாக வந்ததா என்று கேட்க நாதியில்லை.

ஆனாலும் இதற்கு மருந்து வெளுக்க வைப்பது இல்லை. வெள்ளைப் பின்னணி பளிச்சென்று இருப்பதால் கேமரா, 'இங்கே வெளிச்சம் அதிகம்' என்று நினைத்துத் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்கிறது. சுவர் சரியாக விழும், முகம் இருட்டடித்துப் போகும். கறுத்த முகம் இன்னும் இருட்டாகும், கண்ணும் புருவமும் தெரியாது. இயந்திரம் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். முகத்துக்கு இரண்டு பக்கமும் சமமாக விளக்கு வைத்து, முகத்தைப் பார்த்துக் கேமராவின் அளவைக் கூட்டி எடுத்தால் நம் நிறம் நம் நிறமாகவே, ஆனால் தெளிவாக வரும். சுவரை ஒட்டி உட்காராமல் இரண்டடி முன்னால் உட்கார்ந்தால் பின்னால் நிழல் விழாது. வீட்டிலேயே எடுப்பவர்கள் காலை வேளையில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் போதும், தலைக்கு மேலே எரியும் ட்யூப்லைட்டை நம்ப வேண்டாம், அது கண்ணுக்குக் கீழே நிழல் விடும். ஸ்டூடியோவில், "தம்பி, கம்ப்யூட்டர்ல கலரை மாத்தாதே, மூஞ்சிக்கு லைட்டைக் கூட்டிக்கோ" என்று உட்காரும்போதே சொல்லிவிடுங்கள். தயங்க வேண்டாம். காசு கொடுப்பது நாம்தான்.

இப்போது பொட்டு விஷயம். அமெரிக்க விதிகளில் பொட்டு கூடாது என்று எங்கும் இல்லை. நகையும் மூக்குத்தியும் முகத்தை மறைக்காத வரை இருக்கலாம் என்றே சொல்லியிருக்கிறார்கள். நாற்பது வருஷமாகக் கழற்றாத மூக்குத்தியைச் சோப்புத் தண்ணீர் போட்டுத் திருகித் திருகி, ரத்தம் வரக் கழற்றியவர்களை எனக்குத் தெரியும். எதற்காக இந்தப் பாடு? பளபளக்கும் ஸ்டிக்கர் பொட்டு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், அதனால் சாதாரணச் சின்னப் பொட்டாக வைத்துக்கொள்ளலாம். தலையில் பூ, காதுக்கு மேலே துருத்திக்கொண்டு இல்லாமல் பார்த்துக்கொண்டால் சரி. பூந்தமல்லிப் பக்கத்து முஸ்லிம் சகோதரிகள் முக்காட்டை எடுக்க வேண்டுமோ என்று கவலைப்படுகிறார்கள். மத வழக்கப்படி தினமும் அணிவதாக இருந்தால் எடுக்க வேண்டியதில்லை, முகம் முழுக்கத் தெரிய வேண்டும், நிழல் விழக்கூடாது, அவ்வளவுதான்.

காது தெரிய வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் இருந்தது. அமெரிக்காவில் கிரீன் கார்டு முதலான குடியேற்ற விண்ணப்பங்களுக்கு முன்பு வலது காது தெரிகிற மாதிரி முகத்தைத் திருப்பி எடுத்த படம்தான் கேட்பார்கள். 2004ல் அதை மாற்றி நேர்முகமாக்கிவிட்டார்கள். அந்தப் பழைய வாடைதான் இன்னும் நம் ஸ்டூடியோக்களில் வீசுகிறது என்பது என் ஊகம்.

கழற்றியே ஆக வேண்டியது மூக்குக் கண்ணாடி. 2016 நவம்பர் 1 முதல் அமெரிக்க விசா போட்டோவில் கண்ணாடி கூடாது. மருத்துவக் காரணத்தால் கழற்ற முடியாதவர்கள் டாக்டர் கையெழுத்துப் போட்ட சான்று கொடுக்க வேண்டும். இதை எந்த ஸ்டூடியோவிலும் மறக்காமல் சொன்னால் புண்ணியமாகப் போகும். ஏனென்றால் கண்ணாடி இல்லாமல் எடுத்த படம் எப்படி வந்திருக்கிறது என்று கண்ணாடி போட்டுப் பார்க்க மறந்து வாங்கி வந்துவிடுகிறவர்கள் அதிகம்.

கைக்குழந்தையோடு போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். குழந்தையை வெள்ளைத் துணியில் படுக்க வைத்து மேலிருந்து எடுக்கலாம். தாங்கிப் பிடிக்கும் அம்மா கை தெரியக்கூடாது. பிறந்த குழந்தைக்குக் கண் முழுசாகத் திறக்காவிட்டாலும் பரவாயில்லை. கன்னத்தில் வைத்த திருஷ்டிப் பொட்டை மட்டும் அந்த ஐந்து நிமிஷத்துக்குத் துடைத்துவிடுங்கள், படத்தில் அது மச்சம் மாதிரி விழும். எடுத்து முடித்ததும் மறுபடி வைத்துக்கொள்ளலாம், பாட்டிமார்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

டி.எஸ்.-160 என்கிற அந்த இணைய ஃபாரத்தில் போட்டோ ஏறாவிட்டால் விசாவே போச்சு என்று பதறி அழுத அம்மாக்களும் உண்டு. அப்படி இல்லை. உறுதிப்பக்கத்தில் போட்டோ இருக்க வேண்டிய இடத்தில் பெருக்கல் குறி வந்தால், சரியான அளவில் பிரிண்ட் போட்ட படம் ஒன்றைக் கையோடு கொண்டு போனால் போதும். ஆனால் தேதி குறித்துக்கொண்டு பிரசவத்துக்குக் காத்திருக்கும் பெண்ணுக்கு, போட்டோவுக்காக அலையும் ஒவ்வொரு நாளும் பெரிய நாள்தான்.

சி.டி.எச். ரோட்டிலும் பூந்தமல்லி டிரங்க் ரோட்டிலும் ஸ்டூடியோ வைத்திருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்யாண ஆல்பங்களைக் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கி வைத்திருக்கிறீர்களே, அதன் பக்கத்தில் எந்த நாட்டுக்கு என்ன அளவு என்று ஒரு அட்டை மாட்டி வையுங்கள். வருகிற அம்மாவிடம் பொட்டை எடுக்கச் சொல்வதற்குமுன் எந்த நாடு என்று கேளுங்கள். பிரிண்ட்டோடு, டச்-அப் செய்யாத படத்தையும் போனில் அனுப்பிக் கொடுங்கள். அதற்குத் தனியாகப் பணம் கேட்டாலும் கொடுத்துவிட்டுப் போகிறோம்.

- ஒரு வாசகி, அம்பத்தூர்