பில் போட செல்போன் எண் எதற்கு?

துணிக்கடையில் ரொக்கமாகக் கொடுத்தாலும் பில் போடுபவரின் முதல் கேள்வி, "மொபைல் நம்பர் சொல்லுங்க" என்பதுதான். வரிசையில் பின்னால் நிற்பவருக்கும் கேட்கும்படி பத்து இலக்கத்தையும் ஒப்பித்துவிட்டு வருகிறார்கள் மக்கள். எண் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாதமே சொல்லிவிட்டது. எந்தக் கடை காதில் போட்டுக்கொண்டது?

செல்போன் எண்ணும் அந்தரங்கம்தானே? அந்த அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். ஆதாரை எதிர்த்து அந்த வழக்கைப் போட்டவர் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி. தீர்ப்பு வந்து ஆறு ஆண்டுகள் கழித்துத்தான் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தரவைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. நல்லது. ஆனால் நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று காரணம் காட்டி மத்திய அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு தந்துகொள்ளலாம் என்கிறது அதே சட்டத்தின் 17-ஆவது பிரிவு. ஊருக்குத்தான் உபதேசம்!

இதைவிட மோசம் 44-ஆவது பிரிவு. தனிநபர் தகவல் என்று சொல்லியே கேள்வியைத் தட்டிக்கழிக்க வழிசெய்து, தகவல் உரிமைச் சட்டத்தைத் திருத்தி அதன் பல்லைப் பிடுங்கியிருக்கிறது. பொதுநலன் இருந்தால் தரலாம் என்ற விதி தகவல் உரிமைச் சட்டத்திலேயே வேறோர் இடத்தில் இருக்கிறதே என்கிறது அரசு. அதைத் தீர்மானிப்பவரும் அதிகாரிதானே? அந்தத் திருத்தத்தை நாடாளுமன்றம் திரும்பப் பெற வேண்டும்.