கார்டு பாக்கெட்டில் ஹாக்கிக்கு இடமில்லையா?

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில், வீட்டுத் திண்ணையிலேயே சின்னதாகக் கடை வைத்திருக்கிறேன். கடலைமிட்டாயைவிட அதிகம் விற்பது கிரிக்கெட் வீரர் படம் போட்ட கார்டு பாக்கெட்தான். "பிள்ளைங்க காசைக் கரியாக்குறீங்களே!" என்று தாய்மார்கள் சிலர் சண்டைக்கே வந்தார்கள். நியாயம்தானே? அதனால் மூன்று சட்டம் போட்டேன். பிள்ளைகளுக்குக் கடன் கிடையாது. ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட்தான். ஒரே படம் இரண்டு வந்தால், சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து மாற்றிக்கொள்ளலாம். இப்போது அதே தாய்மார்கள் காசு கொடுத்து அனுப்புகிறார்கள். வியாபாரமும் குறையவில்லை.

ஆனாலும் மனசில் ஒரு குறை. போன வாரம் ஹாக்கி மட்டையோடு வந்த சிறுமி ஒருத்தி, "நம்ம ஊர் அண்ணன் படம் இருக்கா அத்தை?" என்று கேட்டாள். 2022-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பை ஹாக்கியில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் நம் கோவில்பட்டி மாரீஸ்வரனும், இங்கே பயிற்சி பெற்ற அரியலூர் கார்த்தியும் ஆடினார்கள். எனக்கு வரும் பாக்கெட்டில் அவர்கள் படம் கிடையாது. என்ன பதில் சொல்ல?

தீப்பெட்டிப் படம் சேர்த்து விளையாடிய ஊர் இது. பக்கத்தில் சிவகாசி இருக்க, அச்சகத்துக்கா பஞ்சம்? சம்மதம் வாங்கி நம் ஹாக்கி வீரர், வீராங்கனைகள் படத்தை யாராவது அச்சடிக்கட்டும். முதல் சரம் என் கடையில் தொங்கும். தெரிந்த முகத்தைப் பார்த்தால்தானே, 'நாமும் ஆடலாம்' என்ற தைரியம் நம் பெண் பிள்ளைகளுக்கு வரும்?

– ஒரு வாசகி, கோவில்பட்டி