சின்ன ஆடிட்டர் ஆபீஸும் பத்து வருஷத் திட்டமும்

ஈரோடு, திருப்பூர், கரூர் என்று எந்த ஊருக்குப் போனாலும் கடைவீதிப் பக்கம் ஒரு மாடியில் ஆடிட்டர் ஆபீஸ் இருக்கும். ஒரு ஆடிட்டர், இருபது வருஷமாகக் கூடவே இருக்கும் ஒரு அக்கவுண்டன்ட், இரண்டு மூன்று ஆர்டிக்கிள் பையன்கள், மூலையில் கட்டுக்கட்டாக ஃபைல்கள். செப்டம்பர் வந்தால் ராத்திரி பதினோரு மணிக்கும் விளக்கு எரியும். அங்கே போய் "அடுத்த பத்து வருஷத்துக்கு என்ன திட்டம் சார்?" என்று கேட்டால் சிரிப்பார்கள். "முதல்ல இந்த 20ஆம் தேதி தாண்டட்டும் தம்பி!"

அவர்கள் சிரிப்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

இந்த ஆபீஸ்களின் வருமானத்தில் பெரும்பகுதி சட்டம் கட்டாயப்படுத்தும் வேலைகளிலிருந்து வருகிறது. சட்டம் கொடுத்ததைச் சட்டமே எடுத்துக்கொள்ளும். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தபோது, விற்றுமுதல் 2 கோடி ரூபாயைத் தாண்டினால் ஆடிட்டரின் சான்று வேண்டும் என்ற விதியும் சேர்ந்து வந்தது. புது வேலை, புது ஃபீஸ். 2021 பட்ஜெட்டில் அந்த விதி போய்விட்டது. வியாபாரி தானே சான்று கொடுத்தால் போதும் என்றார்கள். வருமான வரியிலும் இதே கதைதான். ரொக்க வரவு செலவு 5 சதவீதத்துக்குள் இருக்கும் வியாபாரங்களுக்கு, தணிக்கை வரம்பு 1 கோடியிலிருந்து 2020இல் 5 கோடியாகவும், 2021இல் 10 கோடியாகவும் உயர்ந்தது. இத்தனைக்கும் எந்த ஆடிட்டரும் தவறு செய்யவில்லை!

எல்லோரும் "கம்ப்யூட்டர் வேலையைப் பிடுங்கிவிடும்" என்று பயப்படுகிறார்கள். கணக்கு எழுதவும் ரிட்டர்ன் போடவும் கிடைக்கும் கூலி குறையத்தான் செய்யும். அதற்காகக் கடையை மூட வேண்டியதில்லை. மூன்று விஷயங்களை யோசித்தால் போதும்.

முதலாவது, வருமானத்தைப் பிரித்துப் பார்ப்பது. நூறு ரூபாய் வந்தால் அதில் ஃபைலிங்குக்கு எவ்வளவு, ஆலோசனைக்கு எவ்வளவு? சிறு, குறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை அதிகபட்சம் 45 நாளுக்குள் தராவிட்டால், கொடுக்கும் வருஷத்தில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும் என்று 2023 நிதிச் சட்டம் சொன்னது. மார்ச் முடிவதற்கு முன்பே பார்ட்டிக்கு போன் போட்டு எச்சரித்தவர் அவருக்குப் பெரிய வரியை மிச்சப்படுத்தினார். ஆனால் அதற்குப் பல ஆபீஸ்களில் பில் கிடையாது, டீயோடு சரி. இது மாற வேண்டும்.

இரண்டாவது, தலைக்குள் இருப்பதை எழுதி வைப்பது. எந்த பார்ட்டிக்கு எந்த வழக்கு நிலுவையில் இருக்கிறது என்பது அந்தப் பழைய அக்கவுண்டன்டுக்குத்தான் தெரியும். 2023 ஜூலையிலிருந்து சேருபவர்களுக்கு ஆர்டிக்கிள்ஷிப் மூன்று வருஷத்திலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது. பழகி முடிப்பதற்குள் கிளம்பிவிடும் பையனுக்கு வாய்மொழியாக எத்தனை சொல்லித்தர முடியும்?

மூன்றாவதுதான் கஷ்டமானது: அடுத்து யார் கையெழுத்துப் போடுவது? அப்பாவின் மளிகைக் கடையை மகன் நடத்தலாம். சி.ஏ. முடிக்காத மகனோ மகளோ ஆடிட்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட முடியாது. எழுபது வயதில் பார்ட்னர் தேடினால், வருபவர் பார்ட்டிகளோடு பழகுவதற்கு அவகாசமே இருக்காது. ஐம்பதிலேயே ஒரு இளைஞரைச் சேர்த்து, லாபத்தில் உண்மையான பங்கு கொடுக்க வேண்டும். சம்பளத்தை மட்டும் கொடுத்துவிட்டு "எல்லாம் உனக்குத்தான்" என்றால் யாரும் தங்க மாட்டார்கள்.

இதில் நஷ்டம் ஆடிட்டருக்கு மட்டுமல்ல. திடீரென்று ஒரு ஆபீஸ் மூடினால், நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது அவரை நம்பியிருந்த பனியன் கம்பெனிக்காரரும் மளிகைக் கடைக்காரரும்தான்.

பொங்கல் முடிந்த வாரத்தில் ஒரு நாள் ஆபீஸில் எல்லோரும் உட்கார்ந்து இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதலாம். அடுத்த பொங்கலுக்கு அதே தாளை எடுத்துப் பார்க்கலாம். திட்டம் என்றால் அவ்வளவுதான்.