பைக்கில் கூடுதல் லைட்: நமக்கு வெளிச்சம், எதிரே வருபவருக்கு?

தமிழ்நாட்டில் ராத்திரி நேரத்தில் பைக் ஓட்டும் யாரைக் கேட்டாலும் ஒரே புகார்தான். எதிரே வர்ற வண்டியோட வெள்ளை வெளிச்சம் கண்ணைக் கூச வைக்குது, ரோடே தெரிய மாட்டேங்குது என்பார்கள். புகார் சொல்பவரின் வண்டியைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். பல நேரம் ஹேண்டில்பாருக்குக் கீழே ரெண்டு எல்.இ.டி. விளக்கு உட்கார்ந்திருக்கும். "என்ன பண்றது சார், அவன் போடுறான், நானும் போட்டாத்தான் சமாளிக்க முடியும்" என்பது பதிலாக வரும்.

கூடுதல் விளக்கே கூடாது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட் பக்கம் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். என் பைக்கிலும் ரெண்டு பனிமூட்ட விளக்குகள் இருக்கின்றன. அக்டோபரில் கறுப்புக் காட்டு மலையின் பி500 சாலையில் ஆயிரம் மீட்டர் உயரத்தில் போய்ப் பார்த்தால் தெரியும். நாலு மணிக்கே மூட்டம் இறங்கிவிடும், மான் எந்தப் பக்கத்திலிருந்து குதிக்கும் என்று சொல்ல முடியாது. விளக்கு தேவைதான். எந்த விளக்கு, எங்கே, எப்படி என்பதில்தான் பிரச்சினை.

இங்கே அதற்கு சட்டம் இருக்கிறது. ஜெர்மன் மொழியில் அதன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் சிக்னல் மாறிவிடும், விடுங்கள். சுருக்கம் இதுதான். விளக்கின் கண்ணாடியில் வட்டத்துக்குள் 'ஈ' என்ற எழுத்தும் ஒரு நாட்டு எண்ணும் பொறித்திருக்க வேண்டும். 1 என்றால் ஜெர்மனியில் ஒப்புதல் பெற்றது. பனிமூட்ட விளக்கு வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருக்கலாம். டிம் லைட்டை விட உயரமாக இருக்கக் கூடாது. மூட்டம், பனி, கனமழை இல்லாத தெளிவான ராத்திரியில் அதைப் போட்டுக்கொண்டு போனால் அபராதம். ரெண்டு வருடத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்குப் போகும்போது ஹெட்லைட்டுக்கு முன்னால் ஒரு கருவியை வைத்து ஒளி எங்கே விழுகிறது என்று அளப்பார்கள். ஒப்புதல் இல்லாத விளக்கு இருந்தால் கழற்றிவிட்டு வா என்று திருப்பி அனுப்புவார்கள்.

வயரிங் விஷயத்துக்கு வருவோம். ஊரில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: ஹெட்லைட் வயரின் தோலைச் சீவி, புது வயரை முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றிவிடுவது. அரை மணி நேர வேலை. ஆனால் ஹெட்லைட்டுக்குப் போகும் வயரும் சுவிட்சும் அந்த ஒரு ஹெட்லைட்டின் கரண்டுக்காகக் கணக்கிட்டு வைத்தவை. அதன் தலையில் இன்னொரு சுமையை ஏற்றினால் சுவிட்ச் உள்ளே கருகும், வயர் சூடாகும். மழையில் டேப் பிரிந்தால் ஷார்ட் ஆகும். புது பைக்குகளில் கம்ப்யூட்டர் அந்த லைனையே கவனித்துக்கொண்டிருக்கும். கணக்குக்கு மீறி கரண்ட் போனால் சர்க்யூட்டையே அணைத்துவிடும். நடு ராத்திரியில் ஹெட்லைட்டும் போச்சு, ஆசையாகப் போட்ட லைட்டும் போச்சு.

இதற்கான தீர்வு ரிலே என்ற சின்ன டப்பா. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், சுவிட்ச் செய்தி மட்டும்தான் அனுப்பும், சுமையைத் தூக்குவது வேறு ஆள். அதன் காலடியில் 30, 85, 86, 87 என்று எண்கள் இருக்கும். புதுப்பேட்டை கடையில் வாங்கினாலும் சரி, ஷ்டுட்கார்ட்டில் வாங்கினாலும் சரி, இதே எண்கள்தான். காரணம், இவை டின் 72552 என்ற ஜெர்மன் தர நிர்ணயத்திலிருந்து உலகம் முழுக்கப் போனவை. படிக்கத் தெரியாத மெக்கானிக் அண்ணன்கூட "முப்பதுல பேட்டரி, எம்பத்தேழுல லைட்டு" என்று மனப்பாடமாகச் சொல்வார். 30-க்கு பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ் வழியாக வயர் வரும். 87-லிருந்து விளக்குக்குப் போகும். 85, 86 இரண்டும் உள்ளே இருக்கும் காயிலின் முனைகள். ஒன்று எர்த்துக்கு, இன்னொன்று சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் பார்க் லைட் லைனிலிருந்து ஹேண்டில்பார் சுவிட்ச் வழியாக. காயில் இழுப்பது சொற்ப கரண்ட் என்பதால் ஒரிஜினல் வயருக்குப் பாரமே இல்லை. சாவியை எடுத்தால் லைட்டும் அணையும், காலையில் பேட்டரி செத்துக் கிடக்காது.

ஃபியூஸ் பற்றி ஒரு வார்த்தை. அது பல்பைக் காப்பாற்ற இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். வயர் பற்றி எரியாமல் தடுக்கத்தான் அது இருக்கிறது. அதனால் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். விளக்குப் பக்கத்தில் வைத்தால் நடுவில் உள்ள வயருக்கு யார் காவல்? 20 வாட் விளக்கு ரெண்டு என்றால் 40 வாட். 12-ஆல் வகுத்தால் சுமார் 3.3 ஆம்பியர். 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும். அடிக்கடி போகுதே என்று 20 ஆம்பியர் போடுவதும், சிகரெட் டப்பாவின் வெள்ளித் தாளைச் சுற்றுவதும் ஒன்றுதான். இன்னொரு கணக்கும் போடுங்கள். சின்ன கம்யூட்டர் பைக்குகளில் 3 ஆம்பியர்-அவர் பேட்டரிதான் இருக்கும். வண்டியின் சார்ஜிங் ஈடு கொடுக்கவில்லை என்றால் இந்த 40 வாட் அதை ஒரு மணி நேரத்துக்குள் காலி செய்துவிடும். கடைக்காரர் விளக்கின் வாட்டைச் சொல்வார், உங்கள் வண்டி எவ்வளவு தாங்கும் என்று சொல்ல மாட்டார்.

வயரிங் சரியாக இருந்தாலும் திசை தப்பாக இருந்தால் எல்லாம் வீண். இங்கே டிம் லைட்டின் மேல் விளிம்பு 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் இறங்க வேண்டும் என்பது வழக்கம். பனிமூட்ட விளக்கு அதற்கு இரண்டு மடங்கு இறங்க வேண்டும். வீட்டுச் சுவருக்கு 5 மீட்டர் முன்னால் பைக்கை நிறுத்தி, நீங்கள் ஏறி உட்கார்ந்துகொண்டு, இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். விளக்கின் உயரத்தை விட 10 சென்டிமீட்டர் கீழே ஒளியின் விளிம்பு விழ வேண்டும். சைடு ஸ்டாண்டில் நிறுத்தி அளந்தால் பலன் இல்லை. பின்னால் மனைவியும் நடுவில் பிள்ளையும் உட்கார்ந்தால் பின் சஸ்பென்ஷன் அமுங்கி முன்பக்கம் தூக்கும், ஒளி நேராக எதிரே வருபவரின் முகத்துக்குப் போகும்.

கடைகளில் விற்கும் சதுரப் பெட்டி எல்.இ.டி.க்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த மேல் விளிம்பே கிடையாது. ஜே.சி.பி.யிலும் டிராக்டரிலும் வேலைக்கு வெளிச்சம் கொடுக்கச் செய்தவை, நாலா பக்கமும் சிதறும். சாய்த்து வைத்தாலும் திருந்தாது. போட்டவருக்குமே அதில் லாபம் குறைவு. முன் சக்கரத்துக்கு அருகே ரோடு பளபளவென்று தெரிந்தால் கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிவிடும். தூரத்தில் லைட் இல்லாமல் நிற்கும் கரும்பு டிராக்டர் முன்னை விட இருட்டாகத் தெரியும்.

திருக்கோவிலூர் பக்கம் என் மாமா டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் விடியற்காலை பால் சொசைட்டிக்குப் போய் வந்துகொண்டிருந்தார். கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர். வெள்ளை லைட் எதிரே வந்தால் மண் ரோட்டில் இறங்கி நின்றுவிடுவார். "கண்ணு தெரியற வரைக்கும் நிப்பேன்ப்பா" என்பார். இப்போது விடிந்த பிறகுதான் கிளம்புகிறார். பால் வண்டி அதற்குள் போயிருக்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒருவருக்கு மூன்று செகண்ட் கண் தெரியவில்லை என்றால் 50 மீட்டர் குருட்டாட்டம். மாமா நின்றுவிடுகிறார். எல்லோரும் நிற்பதில்லை.

ஆனால் லைட் போடும் இளைஞர்களை மட்டும் திட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. தெருவிளக்கு இல்லாத மாவட்டச் சாலை, பெயின்ட் அடிக்காத வேகத்தடை, படுத்துக் கிடக்கும் மாடு, பின்னால் ரிஃப்ளெக்டர்கூட இல்லாத டிரெய்லர், அதற்கு நடுவே கம்பெனி கொடுத்த மங்கலான ஹெட்லைட். யாராக இருந்தாலும் லைட் தேடிக் கடைக்குத்தான் போவார்கள். ஒரு காலத்தில் ஹெட்லைட்டின் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்களே, நினைவிருக்கிறதா? அசட்டுத்தனமான வைத்தியம்தான், ஆனாலும் எதிரே வருபவருக்கும் கண் இருக்கிறது என்ற நினைப்பு அதில் இருந்தது.

சாலையில் மறித்து அபராதம் போடுவதை விட, விற்கும் இடத்தில் கட்டுப்பாடு வைப்பது பலன் தரும். தர முத்திரை இல்லாத விளக்கை சாலை வண்டிக்கென்று விற்கக் கூடாது, அவ்வளவுதான். அடுத்தது ஒளி அளவீடு. நம்மூரில் சொந்த உபயோக பைக்கை 15 வருடம் வரை யாரும் ஃபிட்னெஸ் சோதனைக்குக் கூப்பிடுவதில்லை. ஆனால் புகைச் சான்றுக்கு வண்டி போய்த்தான் ஆக வேண்டும். அதே மையத்தில் சுவரில் ஒரு கோடு போட்டு, லைட் அதற்குக் கீழே விழுகிறதா என்று பார்க்க ரெண்டு நிமிடம் போதும். விலை உயர்ந்த கருவியெல்லாம் பிறகு வரட்டும்.

இங்கே படிக்க வந்து, மாலையில் உணவு டெலிவரி செய்யும் நம் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது. சைக்கிளுக்கும் இங்கே இதே சட்டம்தான். விளக்கில் அலை மாதிரி ஒரு கோடும், 'கே' என்ற எழுத்தும், ஒரு எண்ணும் இருக்க வேண்டும். ஆன்லைனில் பத்து யூரோவுக்குக் கிடைக்கும் டார்ச் மாதிரி லைட்டில் பெரும்பாலும் அது இருக்காது. போலீஸ் நிறுத்தினால் அன்றைய சம்பாத்தியத்தில் துண்டு விழும்.

போன மாதம் சித்தி பையன் போன் செய்தான். "அண்ணா, வரும்போது ஒரு செட் லைட் வாங்கிட்டு வாங்க, ஜெர்மனி மேக், நல்ல பவரா." மேல் விளிம்பு சுத்தமாக உள்ள, முத்திரை போட்ட ஒரு ஜோடியும், ரிலே வயரிங் கிட்டும், 5 ஆம்பியர் ஃபியூஸ் பத்தும் வாங்கி வைத்திருக்கிறேன். பவர் கம்மி என்று திட்டுவான். சுவரில் அளந்து காட்டிய பிறகுதான் கையில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.